கழுகை வரைந்த கை

ஒரு விலைப்பட்டியலில் இருந்து தொடங்குகிறேன். 1618 ஏப்ரல் 28ஆம் தேதி, ஆன்ட்வெர்ப் நகரத்து ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ், ஹேக் நகரில் ஆங்கிலத் தூதராக இருந்த டட்லி கார்ல்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கார்ல்டனிடம் பழைய பளிங்குச் சிலைகள் இருந்தன. ரூபன்ஸுக்கு அவை வேண்டும். காசுக்குப் பதில் ஓவியம் தருகிறேன் என்று வீட்டில் இருந்த சரக்கைக் கணக்கெடுத்து அனுப்புகிறார். காகஸஸ் மலையில் சங்கிலியிட்ட ப்ரோமிதியஸ், ஈரலைக் கொத்தும் கழுகோடு: தன் கையால் ஆன அசல், கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ் போட்டது, 500 கில்டர். லீடாவும் அன்னமும்: தன் கை, 500. பெண்வேடமிட்ட அக்கிலீஸ்: மாணவர்களில் தேர்ந்தவர் செய்தது, முழுக்கத் தான் திருத்தியது, 600. சிறுத்தைகளும் வனதேவதைகளும்: தன் கை, நிலக்காட்சி மட்டும் அதில் தேர்ந்த வேறொருவர் கை, 600. மாணவர் தொடங்கிவைத்து முடியாமல் கிடக்கும் 'இறுதித் தீர்ப்பு' ஒன்றும் பட்டியலில் உண்டு. அதன்மேல் தான் முழுக்கத் தூரிகை ஓட்டிவிட்டால் அது அசலாகவே செல்லும் என்கிறார். விலை 1200.

செல்லும். காசு செல்லும், செல்லாது என்கிறோமே, அந்த அர்த்தத்தில்தான்.

நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஆசிரியனின் மரணத்தை அறிவித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பார்த்தும் ஃபூக்கோவும் தமிழில் அறிமுகமானபோது அந்த அறிவிப்பில் ஒரு விடுதலை இருந்தது, மறுக்கவில்லை. மேதைமை, தரிசனம், உள்ளொளி என்று கதையளந்துகொண்டிருந்தவர்கள் வாயை அது கொஞ்ச காலமாவது அடைத்தது. ஆனால் பட்டறையை நோக்கித் திரும்பினால் அந்த அறிவிப்பே விசித்திரமாகத் தோன்றுகிறது. சாவதற்கு முதலில் பிறந்திருக்க வேண்டும். ரூபன்ஸின் கூடத்தில் வேலைபார்த்த பையன்கள் ஆசிரியர்களாகப் பிறக்கவே இல்லை. அவர்களுக்கு எதை அறிவிப்பது?

1621இல் ஓட்டோ ஸ்பெர்லிங் என்ற டேனிஷ் மருத்துவர் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்கிறார். ரூபன்ஸ் வரைந்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் ஒருவர் டாசிட்டஸை வாசிக்கிறார், நடுவே ஒரு கடிதத்தையும் வாயால் சொல்லி எழுதவைக்கிறார். இந்தக் காட்சியை மேதையின் சான்றாக எல்லாப் புத்தகத்திலும் எடுத்துப்போடுகிறார்கள். அடுத்து அவர் கண்டதுதான் எனக்கு முக்கியம். ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கூடம், கூரையில் மட்டும் வெளிச்சத்துக்கு ஒரு பெரிய திறப்பு, உள்ளே நிறைய இளம் ஓவியர்கள். ஒவ்வொருவர் முன்னும் ரூபன்ஸ் சுண்ணக்கட்டியால் கோடிழுத்து, அங்கங்கே ஒரு பொட்டு வண்ணம் வைத்துக் கொடுத்த படம். அவர்கள் அதை எண்ணெய் வண்ணத்தில் முழுசாக ஏற்ற வேண்டும். கடைசியில் ஐயா வந்து நாலு தீற்றல் போடுவார். எல்லாம் ரூபன்ஸின் வேலை என்றே போகும், இப்படித்தான் அவர் பெரும் பணம் சேர்த்தார் என்று ஸ்பெர்லிங் பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பையன்கள் யார்? ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தின் பதிவேட்டில் மற்ற ஆசான்களின் சீடர்கள் பெயர் வருஷவாரியாக இருக்கிறது. ரூபன்ஸ் சீடர்கள் பெயர் அநேகமாக இல்லை. காரணம் மர்மம் ஒன்றுமில்லை. 1609இல் ஆல்பர்ட், இசபெல்லா அரசவையின் ஓவியராக அவர் நியமிக்கப்பட்டார். அரசவை ஓவியருக்குச் சங்கக் கட்டுப்பாடு கிடையாது, சீடரைப் பதிவு செய்யும் கடமையும் கிடையாது. அரசர் தந்த சலுகை என்று வரலாறு சொல்வது, பட்டறைக்குள் இருந்து பார்த்தால் பெயர் நீக்கம். 1611இலேயே, நூறு பேருக்கு மேல் இடமில்லை என்று திருப்பியனுப்பியதாக ரூபன்ஸ் ஒரு நண்பருக்கு எழுதுகிறார். உள்ளே வந்தவர்களில் வான் டைக் மாதிரி நாலைந்து பேரைத் தவிர மற்றவர்களை இன்று யாருக்குத் தெரியும்?

ரூபன்ஸ் ஏமாற்றுக்காரர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அம்பலப்படுத்தும் ஆவேசத்தில் நம்மாட்கள் உடனே அங்கே போய் நின்றுவிடுவார்கள். கழுகு யார் கை என்று அவரே எழுதித்தருகிறார். மே மாதக் கடிதத்தில், தான் திருத்தியவற்றை வெறும் நகல் என்று எண்ணவேண்டாம், அசலிலிருந்து பிரித்தறிவது கஷ்டம், ஆனாலும் குறைந்த விலைதான் போட்டிருக்கிறேன் என்று வியாபாரியின் நேர்மையோடு விளக்குகிறார். கூட்டு உழைப்பு என்பது அன்றைய வாங்குபவருக்கும் தெரிந்த சங்கதி. அதை அவமானமாக மாற்றியது பின்னால் வந்த ரசனைவாதமும் ஏலச்சந்தையும். 'தன் கை' என்கிற தூய பொருள் ஒன்றைக் கற்பித்து, மிச்சத்தை எல்லாம் 'பட்டறை' என்று ஒரு தட்டில் தள்ளி விலையை இறக்கிய வேலை அவர்களுடையது.

சரி, அந்தக் கழுகைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். படம் இப்போது ஃபிலடெல்பியா அருங்காட்சியகத்தில். தலைகீழாகச் சரியும் ஒரு மாபெரும் உடல், அதன்மேல் சிறகு விரித்த பறவை. உடலில் வண்ணம் ஈரம் ஈரத்தோடு கலந்து ஓடுகிறது. ரோஜா நிறம் சாம்பலுக்குள் போவது எங்கே என்று கோடு கிழிக்க முடியாது. சிறகில் ஒவ்வொரு இறகும் தனித்தனி, கூர்மை, ஓரம் தெரியும். பிரான்ஸ் ஸ்னைடர்ஸ் மிருகமும் பறவையும் காய்கனியும் வரைவதில் பேர்போனவர். கழுகின் ஒரு கால் ப்ரோமிதியஸின் முகத்தை மிதித்துக்கொண்டிருக்கிறது. ஸ்னைடர்ஸின் நகம் ரூபன்ஸின் சதையில் இறங்கும் இடம் அது. இரண்டு பேருடைய கைப்பழக்கம் ஒன்றையொன்று குத்துவதால்தான் அந்த வலி படத்தில் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரே கை இதைச் செய்திருந்தால் இவ்வளவு கொடூரம் வந்திருக்குமா? பட்டறைப் பிரிவினையைக் குறையாகக் காண்பவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

தமிழில் பொருள் என்ற சொல்லுக்கு அர்த்தம், பண்டம், செல்வம் மூன்றும் உண்டு. நம் விமர்சனம் முதலாவதோடு நின்றுவிடுகிறது. ஓவியத்தின் பொருள் என்றால் ப்ரோமிதியஸ் எதன் குறியீடு என்று ஆரம்பித்துவிடுகிறோம். பண்டத்தைக் கேட்போம்.

அடியில் பலகை அல்லது கித்தான். ரூபன்ஸ் சிறு படங்களுக்கு ஓக் பலகையை விரும்பினார். பலகைக்காரர் தனித் தொழிலாளி. 1617இல் ஆன்ட்வெர்ப்பில் பலகைத் தொழிலுக்கு விதிமுறை வந்தது. சங்கத்தார் பார்த்துச் சரியென்றால் பலகையின் பின்புறத்தில் நகரச் சின்னத்தைச் சூடு போடுவார்கள். சின்னம் என்ன தெரியுமா? ஒரு கோட்டை, இரண்டு வெட்டிய கைகள். ஆற்றில் சுங்கம் கட்டாதவர் கையை வெட்டிய அரக்கன், அவன் கையை வெட்டியெறிந்த வீரன் என்று அந்த ஊர்ப்பெயருக்கு ஒரு கதை உண்டு. முன்புறத்தில் ஆசானின் கை, பின்புறத்தில் வெட்டிய கைகளின் தழும்பு. நான் ஜோடித்ததல்ல, திருப்பிப் பார்த்தால் மரத்திலேயே இருக்கிறது.

பலகைமேல் சீமைச்சுண்ணாம்பும் வச்சிரமும் கலந்து பூசி, இழைத்து, வழவழப்பாக்குவார்கள். அதற்குமேல் மெல்லிய பழுப்புப் பூச்சு, வேண்டுமென்றே அகலத் தூரிகையால் வரிவரியாக இழுத்தது. ரூபன்ஸின் சிறு படங்களில் உடம்பின் நிழல்களுக்கு அடியில் இந்த வரிகள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. நிழலுக்குப் பெரும்பாலும் தனியாக வண்ணம் வைக்கவேண்டாம், அடிப்பூச்சை விட்டுவைத்தால் போதும். வேகம் என்று நாம் வியப்பதில் பாதி இந்தச் சிக்கனம். வண்ணம் குழைக்க ஆளிவிதை எண்ணெய், வால்நட் எண்ணெய். வரையும்போது தூரிகையை அவ்வப்போது டர்பன்டைனில் தொட்டுக்கொள்ளச் சொன்னார் என்று, அவரிடம் தொழில் ரகசியம் கேட்டு எழுதிவைத்த மருத்துவர் தியோடர் த மயேர்ன் குறித்திருக்கிறார்.

இனி அந்த வெள்ளைத் தேகங்கள். வீனஸ், லீடா, டயானா, ஆன்ட்ரோமிடா என்று பரோக் ஓவியம் நம்மேல் கொட்டும் சதைக்கு மூலாதாரம் ஈய வெள்ளை. ஈயத் தகட்டைச் சுருட்டி, அடியில் வினிகர் ஊற்றிய மண்கலத்தில் வைத்து, கலங்களை வரிசையாக அடுக்கிக் குதிரைச் சாணத்தில் புதைப்பார்கள். சாணச் சூட்டில் வினிகர் ஆவியாகும், சாணத்திலிருந்து கரியமில வாயு வரும், மாதக்கணக்கில் ஈயம் வெள்ளையாக அரித்துப் பொரியும். அதைச் சுரண்டி, இடித்து, அரைத்து, கழுவி, எண்ணெயில் குழைத்தால் தெய்வத்தின் தோள். சுரண்டுபவர், அரைப்பவர் நெஞ்சுக்குள் போவது ஈயத்தூள். ஈயம் குடலை முறுக்கும். நாளானால் மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் கையை முடக்கும். இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டார். அதில் ஓவியர்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கி, ஈய வெள்ளையையும் சாதிலிங்கத்தையும் பேர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார்.

சாதிலிங்கம் நம் சித்த மருத்துவருக்கும் தெரிந்த சரக்குதான்: பாதரசமும் கந்தகமும். சதைக்கு உயிர்ச்சிவப்பு தருவது அது. ஐரோப்பாவின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கம் ஸ்பெயினின் அல்மதேன். அரசு அதை ஃபுக்கர் வணிகக் குடும்பத்துக்குக் குத்தகை விட்டது. வேலைக்கு ஆள் போதாதென்று தண்டனைக் கைதிகளையும் இறக்கியது. 1593இல் அங்கே நடக்கும் கொடுமையை விசாரிக்க அனுப்பப்பட்ட அதிகாரி வேறு யாருமில்லை, பின்னால் 'குஸ்மான் தெ அல்ஃபராச்சே' நாவலை எழுதிய மத்தேயோ அலெமான். உலையில் நின்று பாதரசப் புகை குடித்தவர்களின் நடுக்கத்தையும் பிதற்றலையும் கைதிகள் வாயாலேயே பதிவுசெய்துகொண்டு வந்தார். போக்கிரியின் கதையாக ஐரோப்பிய நாவல் உருக்கொள்வதற்கும் இந்த வாக்குமூலங்களுக்கும் உள்ள உறவை யாராவது தமிழில் எழுதலாம்.

இன்னொரு சிவப்பு, ஆழ்ந்த கருஞ்சிவப்பு. மெக்சிகோவில் கள்ளிச்செடியில் வாழும் கோச்சினியல் பூச்சியிலிருந்து வருவது. ஒரு பவுண்டுச் சாயத்துக்கு 70,000 பூச்சி போல வேண்டும். ஓஹாக்கா பகுதிப் பூர்வகுடிகள் சேகரித்துக் கொடுத்ததை ஸ்பானிய அரசு தன் கப்பலில் ஏற்றி உலகத்துக்கு விற்றது. இந்தச் சாயம் முதலில் போவது துணிக்கு. சாயம் போட்ட துணியைக் கத்தரித்துச் சீராக்கும்போது உதிரும் பிசிறுகளைக் காரநீரில் ஊறவைத்து, சாயத்தை மறுபடி பிரித்தெடுத்து, ஓவியர்கள் செந்நிறம் செய்துகொண்டது அக்காலத்தில் வழக்கமாயிருந்த ஒரு முறை. சாயப்பட்டறைக் கழிவு, ராஜ ஓவியத்தில் திரைச்சீலையாகிறது.

இதெல்லாம் கொச்சைப் பொருள்முதல்வாதம், வண்ணத்தின் ஊர்பேர் தெரிந்தால் ஓவியம் விளங்கிவிடுமா என்று கேட்பார்கள். விளங்காதுதான். ஆனால் அந்த ஓவியர்களே இரண்டையும் பிரித்துப் பேசவில்லை. 1638 மார்ச்சில், 'போரின் விளைவுகள்' என்ற படத்தை ஃபிளாரன்ஸுக்கு அனுப்பிவிட்டு ரூபன்ஸ் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. மார்ஸைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் வீனஸ், கைவிரித்துக் கதறும் ஐரோப்பா என்று ஒவ்வோர் உருவத்துக்கும் விளக்கம் சொல்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே கடிதத்தில், புதுப்படம் இவ்வளவு நாள் பெட்டிக்குள் அடைந்து கிடந்தால் சதைநிறம் கெட்டு, வெள்ளை மஞ்சளித்துவிடுமோ என்று பயப்படுகிறார். அவ்வப்போது வெயிலில் வையுங்கள், எங்காவது கெட்டிருந்தால் நீங்களே கைவைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று அங்குள்ள ஓவியருக்கு அனுமதியும் தருகிறார். முப்பதாண்டுப் போரின் பேரழிவும் எண்ணெய் மஞ்சளிப்பதும் ஒரே தாளில், ஒரே கவலையாக.

அந்த வருஷமே ஆன்ட்வெர்ப்பிலிருந்து இன்னொரு சரக்கு மாட்ரிட்டுக்குப் போனது. தென் நெதர்லாந்து அப்போது ஸ்பானிய மன்னர் கையில். நான்காம் பிலிப் மாட்ரிட்டுக்கு வெளியே தன் வேட்டை மாளிகையான தோரே தெ லா பராதாவுக்கு ஓவிட்டின் கதைகளை வரையச் சொல்லி 1636 இறுதியில் உத்தரவு போட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட புராணப் படங்கள், போதாததற்கு வேட்டை, மிருகக் காட்சிகள். சுமார் பதினைந்து மாதத்தில் முடித்து அனுப்பினார்கள். வாதநோயால் கையை அசைக்க முடியாத நாட்கள் இருந்த அறுபது வயது ரூபன்ஸ் எப்படிச் செய்தார்? அவர் செய்தது சிறு பலகைகளில் எண்ணெய் வரைவு. ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரம், இரண்டு சாணுக்குக் குறைவான அகலம். பழுப்பு அடிப்பூச்சில் நாலு கோடு, இரண்டு வண்ணம். பெரிய படங்களில் சிலதைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை யோர்டான்ஸ், கோர்னெலிஸ் த வோஸ், க்வெல்லினஸ், கோசியர்ஸ், கோவி என்று ஊர் ஓவியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இந்தமுறை சிலர் தம் படத்தில் கையெழுத்தும் போட்டார்கள். வானத்திலிருந்து விழும் இக்காரஸின் படத்தைப் புத்தக அட்டைகளில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். வரைந்தவர் யாக்கோப் பீட்டர் கோவி. பெயர் படத்திலேயே இருந்தும் என்ன, அவரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

அந்த வரைவுகளில் ஒன்று 'பல்லாஸும் அராக்னேயும்'. நெசவில் தெய்வத்தையே போட்டிக்கு அழைத்த பெண் அராக்னே. ஓவிட் அவளை அறிமுகப்படுத்தும் விதத்தைக் கவனிக்க வேண்டும். குலப்பெருமை கிடையாது, பிறந்த ஊர் பெரிய ஊர் கிடையாது. தகப்பன் இத்மோன் கம்பளிக்குச் சாயம் போடுகிறவன். சாயக்காரன் மகள். அவள் நெய்தது தெய்வங்கள் பெண்களுக்குச் செய்த அக்கிரமங்களை: காளை வடிவில் வந்து ஐரோப்பாவைக் கடத்திய ஜுபிடர், அன்னமாகி லீடாவைப் புணர்ந்த ஜுபிடர். வேலையில் ஒரு குறையும் பல்லாஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே கிழித்தாள், நாடாக்கட்டையால் அவள் நெற்றியில் அடித்தாள், கடைசியில் சிலந்தியாக்கினாள். அராக்னே எந்தக் கதைகளைக் குற்றப்பத்திரிகையாக நெய்தாளோ அதே கதைகளை மன்னர்கள் தங்கள் சுவருக்கு அலங்காரமாக வாங்கினார்கள் என்பதுதான் இந்த ஓவிய மரபின் அரசியல். இதைவிடப் பெரிய கட்டுடைப்பை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து செய்யவேண்டியதில்லை.

அந்த வேட்டை மாளிகைக்குப் போன பெரிய 'அராக்னே' இன்று இல்லை. ஆனால் அதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' (1656) படத்தில் பின்சுவரில், கண்ணாடிக்கு மேலே இருட்டில் தொங்கும் இரண்டு படங்களில் ஒன்று அது. ரூபன்ஸின் வரைவு, ஆன்ட்வெர்ப்பில் ஆன பெரிய படம், வெலாஸ்கெஸின் மருமகன் மாஸோ எடுத்த நகல், அந்த நகலை வெலாஸ்கெஸ் தன் படத்துக்குள் மங்கலாக வைத்தது என்று அடுக்கடுக்காகக் கைகள். பக்கத்துப் படம் அப்பல்லோவின் இசைப்போட்டி, அதுவும் தெய்வத்தோடு போட்டியிட்டுத் தோற்றவன் கதைதான். ஃபூக்கோ தன் 1966 நூலின் முதல் அத்தியாயத்தை இந்தப் படத்துக்கே கொடுத்தார். பெயர்களைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வோம், அப்போதுதான் பார்வைக்கும் மொழிக்கும் உள்ள உறவு திறக்கும் என்பது அவர் எடுத்துக்கொண்ட முறை. பிரமாதமான அத்தியாயம். ஆனால் பின்சுவர்ப் படங்களை அவர் வெறும் மங்கல் திட்டுகளாகக் கடந்துபோகிறார். பெயர்களைத் துறக்கும் ஆடம்பரம் பெயர் உள்ளவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அங்கே அடிவாங்கிக்கொண்டிருப்பவள் ஒரு நெசவுக்காரி என்று தெரிந்தால், ராஜாவும் ராணியும் பிரதிபலிக்கும் கண்ணாடிக்கு மேலேயே அவள் ஏன் தொங்குகிறாள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி ஃபூக்கோவின் வாசிப்பில் எழவே இல்லை.

வெலாஸ்கெஸ் அராக்னேயை மறுபடி தொட்டார். 'லாஸ் இலாந்தேராஸ்', அதாவது நூற்பவர்கள். முன்னால் ஐந்து வேலைக்காரப் பெண்கள். சுழலும் ராட்டையில் ஆரக்கால்கள் தெரியாது, வெறும் வெளிச்ச வட்டம். நூல் சுற்றுபவள் நமக்கு முதுகு காட்டுகிறாள். நடுவில் குனிந்திருப்பவளுக்கு முகமே இல்லை, நிழலில் நாலு தீற்றல். ஒருத்தி செந்நிறத் திரையை ஒதுக்குகிறாள். பின்னால் மேடைபோன்ற ஓர் அறையில் பட்டுடுத்திய சீமாட்டிகள், தலைக்கவசத்தோடு கை ஓங்கிய பல்லாஸ், எதிரே அராக்னே, அவளுக்குப் பின்னால் டிஷியனின் 'ஐரோப்பா'வை ஒத்த திரைச்சீலை. நீண்ட காலம் இதை மாட்ரிட் சான்டா இசபெல் திரைச்சீலைக் கூடத்தின் தொழிற்காட்சி என்றே எல்லோரும் நம்பினார்கள். 1948இல் ஆய்வாளர் அங்குலோ இது அராக்னே கதை என்று நிறுவினார். அதே வருஷம் கத்தூர்லா என்பவர் கண்டெடுத்த 1664ஆம் ஆண்டுச் சொத்துப்பட்டியலிலும் படம் அராக்னேயின் கதை என்றே இருந்தது. அதிலிருந்து முன்னால் இருக்கும் கிழவி மாறுவேடப் பல்லாஸ், இளையவள் அராக்னே என்று ஆரம்பித்து, மிச்சமிருந்த வேலைக்காரிகளையும் ஒவ்வொருவராகக் குறியீடுகளாக்கிவிட்டார்கள். புராணம் கிடைத்ததும் தொழிலாளர்கள் காணாமல் போனார்கள். எனக்கு இரண்டு பெயரும் வேண்டும். பிராதோ அருங்காட்சியகமும் இரண்டையும்தான் சேர்த்துப் போட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் யாரோ நாலு பக்கமும் கித்தானை ஒட்டிப் பெரிசாக்க, நூற்பவர்கள் பின்னுக்குப் போய் ஒரு பெரிய மண்டபம் வந்து உட்கார்ந்துவிட்டது. 2021இல் பிராதோ புதுச் சட்டம் போட்டு ஒட்டுகளை மறைத்தபிறகுதான் அவர்கள் மறுபடி நம் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள்.

1658-59இல் வெலாஸ்கெஸுக்கு சான்டியாகோ வீரப்பட்டம் கொடுக்க விசாரணை நடந்தது. கைத்தொழில் செய்து பிழைப்பவனுக்கு அந்தப் பட்டம் கிடையாது. சுர்பரான், அலோன்ஸோ கானோ உள்படப் பலபேர் வந்து, இவர் கடை வைத்ததில்லை, படம் விற்றுப் பிழைத்ததில்லை, மன்னரின் விருப்பத்துக்காக மட்டுமே வரைந்தார் என்று சாட்சி சொன்னார்கள். சாட்சி சொன்ன ஓவியர்களே படம் விற்றுப் பிழைத்தவர்கள்.

அவர் பட்டறையில் வேலைபார்த்தவர் ஹுவான் தெ பரேகா, வெலாஸ்கெஸின் அடிமை. அடிமை என்று உவமையாகச் சொல்லவில்லை, சட்டப்படி. 1650 நவம்பரில் ரோமில் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது, இன்னும் நான்கு வருஷம் ஊழியம் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே வருஷம் வெலாஸ்கெஸ் வரைந்த பரேகாவின் உருவப்படத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பின்னால் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பரேகா வரைந்த படங்களைச் சேர்த்துவைத்து அதே அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்த 2023 ஆகிவிட்டது. 1661இல் அவர் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' பிராதோவில் இருக்கிறது. இடது ஓரத்தில் கறுத்த முகத்தோடு ஒருவர் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார், கையில் ஒரு துண்டுத்தாள். கிட்டப்போய்ப் படித்தால் அதில் ஹுவான் தெ பரேகா என்று எழுதியிருக்கிறது.